புதன்கிழமை ராத்திரிகள்: ஆஸ்டின் கன்ட்ரி இசையும் அதன் பொற்கால ஏக்கமும்

ஒவ்வொரு பொற்காலத்துக்கும் ஒரு தேதி தேவைப்படுகிறது. டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்கு அந்தத் தேதி 1972 ஆகஸ்ட் 12. அன்று ராத்திரி, 'ஆர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ்' என்று பேரிலேயே குசும்பு வைத்திருந்த ஒரு அரங்கத்தில் வில்லி நெல்சன் முதல்முறையாகப் பாடினார். அரங்கம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நேஷனல் கார்டு படையினர் விட்டுப்போன பழைய ஆயுதக் கட்டடம் அது. ஏசி கிடையாது. உட்கார, தரையில் பழைய கம்பளத் துண்டுகள். டெக்சஸ் ஆகஸ்ட் எப்படி இருக்கும் என்று நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் புழுக்கத்துக்குள்தான் முடி வளர்த்த ஹிப்பி மாணவர்களும் கௌபாய் தொப்பிக்காரர்களும் ஒன்றாக நின்றார்கள் என்பது கதை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தெருவில் எதிரெதிரே வந்தால் முறைத்துக்கொள்ளும் இரண்டு கூட்டம், ஒரே பீரைக் குடித்து ஒரே பாட்டுக்குத் தலையாட்டியது. பிறகு வந்த ஐந்தாறு வருஷங்கள் ஆஸ்டினின் பொற்காலம். 1980 டிசம்பர் 31 அன்று ஆர்மடில்லோ மூடப்பட்டது. அதோடு எல்லாம் போச்சு. ஆஸ்டின் பற்றிய புத்தகம், ஆவணப்படம், பழைய போஸ்டர் கண்காட்சி எதை எடுத்தாலும் இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

கதை பொய் இல்லை. அந்தக் காலத்தின் ரெக்கார்டுகளைக் கேட்டால் ஏன் இவ்வளவு ஏங்குகிறார்கள் என்பதும் புரிகிறது. எனக்குள்ள சண்டை வேறு. இந்த ஏக்கம் தப்பான ராத்திரிகளை ஞாபகம் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சில விளக்கங்கள்

'கன்ட்ரி' என்பதை நாட்டுப்புற இசை என்று மொழிபெயர்த்தால் பாதி விஷயம் தவறிவிடும். கிராமத்து வேர்கள் அதற்கு உண்டு. ஆனால் 1920களிலிருந்தே ரெக்கார்டு கம்பெனிகளும் ரேடியோவும் சேர்ந்து வளர்த்த வியாபார இசை அது. அந்த வியாபாரத்தின் தலைமையகம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில். 1960களில் அங்கே ஒரு ஃபார்முலா நிலைபெற்றிருந்தது: பாடகர் வருவார், கம்பெனியின் ஸ்டுடியோ வித்வான்கள் வாசிப்பார்கள், மேலே வயலின் கூட்டமும் கோரஸும் பூசப்படும். பாடகரோடு ஊர் ஊராகப் போகும் அவருடைய சொந்தக் குழுவுக்கு ரெக்கார்டில் இடம் இருக்காது.

வில்லி நெல்சன் அந்த ஃபார்முலாவில் பாட்டெழுதுபவராக ஜெயித்தார், பாடகராகத் தோற்றார். பாட்சி க்ளைன் 1961ல் பாடிப் பிரபலமாக்கிய 'க்ரேஸி' அவர் எழுதியது. தாளத்துக்குப் பின்னால் சோம்பேறித்தனமாக நழுவி வந்து, பேசுவது மாதிரி பாடும் அவருடைய முறை நாஷ்வில் பூச்சுக்குள் பொருந்தவில்லை. நாஷ்வில்லுக்குப் பக்கத்திலிருந்த அவருடைய வீடு தீப்பிடித்து எரிந்தது. சொந்த மாநிலத்துக்கே திரும்பினார். ஆர்மடில்லோ மேடையில் ஏறியபோது அவருக்கு வயது 39. பொற்காலத்தின் நாயகன் ஒரு இளைஞன் இல்லை. பாதி வாழ்க்கையை முடித்து, வேறு ஊரில் தோற்றுத் திரும்பிய ஆள்.

அவரைச் சுற்றியும் அவருக்கு முன்பாகவும் ஆஸ்டினில் வளர்ந்த இந்த இசைக்கு 'ப்ரோகிரசிவ் கன்ட்ரி' என்று பேர் வந்தது. ராக் இசையின் சுதந்திரமும் கன்ட்ரியின் கதை சொல்லும் பாணியும் கலந்தது. ஜெர்ரி ஜெஃப் வாக்கர், மைக்கேல் மர்ஃபி, டக் சாம், மார்சியா பால் என்று பலர். ஜான் ரீட் என்ற பத்திரிகையாளர் 1974லேயே 'தி இம்ப்ராபபிள் ரைஸ் ஆஃப் ரெட்நெக் ராக்' என்று இதைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார். வில்லி பாடி இரண்டே வருஷம் ஆகியிருந்தது.

ஏங்கிக்கொண்டே பிறந்த பொற்காலம்

இந்தக் காலத்துக்காக இன்றைக்கு நாம் ஏங்குகிறோம். அந்தக் காலத்துக்காரர்கள் எதற்காக ஏங்கினார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

'அஸ்லீப் அட் தி வீல்' குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைவர் ரே பென்சன் ஃபிலடெல்ஃபியா பையன். குழு தொடங்கியது மேற்கு வர்ஜீனியாவில், டெக்சஸிலேயே இல்லை. 1974ல் ஆஸ்டினுக்கு வந்தார்கள். வாசித்தது பாப் வில்ஸ் 1930களிலும் 40களிலும் கொடிகட்டிப் பறந்த 'வெஸ்டர்ன் ஸ்விங்' இசை. ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் ஜாஸோடு கைகோத்து ஆடும் நடன இசை அது. 'ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி, 1974 அக்டோபரில் வில்லியை வைத்து ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிட்டு, 1976ல் தொடராக வரத் தொடங்கியது. முதல் பகுதியில் யார்? அஸ்லீப் அட் தி வீலும், பாப் வில்ஸின் பழைய 'டெக்சஸ் ப்ளேபாய்ஸ்' வித்வான்களும். பாப் வில்ஸ் அதற்கு முந்தைய வருஷம்தான் இறந்திருந்தார். ஆக, பொற்காலத்தை நாட்டுக்கு அறிமுகப்படுத்திய நிகழ்ச்சியே முப்பது வருஷம் பழைய இன்னொரு பொற்காலத்துக்கு மாலை போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறது.

வில்லியும் அப்படித்தான். 1975ல் வந்த 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பம் குதிரையும் துப்பாக்கியும் இருந்த காலத்துக் கதை. பாடகராக அவருக்கு முதல் நம்பர் ஒன் இடத்தைக் கொடுத்த பாட்டு அதில்தான் இருக்கிறது. அது ஃப்ரெட் ரோஸ் 1940களில் எழுதியது. 1978ல் வந்த 'ஸ்டார்டஸ்ட்' முழுக்கத் தன் இளமைக்காலத்துப் பாட்டுகள். வேலன் ஜென்னிங்ஸ் 1975ல் பாடிய ஒரு பாட்டின் மையக் கேள்வியே, ஹேங்க் வில்லியம்ஸ் இப்படியெல்லாமா செய்தார் என்பதுதான். புரட்சிக்காரர்கள் என்று நாம் கொண்டாடும் ஆட்கள் எல்லாருமே பின்னால் திரும்பித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கன்ட்ரி இசையில் ஏக்கம் என்பது பிறகு வந்து ஒட்டிய தூசி கிடையாது. அது மூலப்பொருள். நிஜமான இடம்கூட அதற்குத் தேவைப்படுவதில்லை. கன்ட்ரி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஜான் டென்வர் 1971ல் பாடிய 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்'. மேற்கு வர்ஜீனியாவின் சாலைகளைப் பற்றிய அந்தப் பாட்டுக்கான யோசனை, எழுதியவர்களுக்கு மேரிலாந்தின் ஒரு சாலையில் கார் போய்க்கொண்டிருக்கும்போது வந்தது. டெக்சஸில் இதைவிடப் பெரிய வேடிக்கை உண்டு. ஆஸ்டினுக்கு மேற்கே லக்கன்பாக் என்று ஒரு குக்கிராமம்: ஒரு கடை, ஒரு நடனக் கொட்டகை, விரல் விட்டு எண்ணக்கூடிய ஜனங்கள். 1977ல் வேலன் ஜென்னிங்ஸ் அந்த ஊர்ப் பேரில் ஒரு பாட்டுப் பாடினார். பெரிய வாழ்க்கையெல்லாம் போதும், லக்கன்பாக் போய் எளிமையாக வாழலாம் வா என்கிற மாதிரிப் பாட்டு. நம்பர் ஒன் ஹிட். எழுதியவர்கள் சிப்ஸ் மோமனும் பாபி எம்மன்ஸும். இரண்டு பேரும் அப்போது லக்கன்பாக்கைக் கண்ணால் பார்த்ததில்லை! பாட்டைக் கேட்டு ஊரைத் தேடி வந்த கூட்டம் ஊர்ப்பலகையையே பிடுங்கிக்கொண்டு போனது.

இன்னொரு உதாரணம், இதைவிட நேர்மையானது. கேரி பி. நன் என்ற ஆஸ்டின் வித்வான் லண்டனின் குளிரில் மாட்டிக்கொண்டு, ஊர் ஞாபகத்தில் ஒரு பாட்டு எழுதினார். 'லண்டன் ஹோம்சிக் ப்ளூஸ்' என்று பேரு. இவர் ஏங்கும் ஊர் இவர் வாழ்ந்த ஊர். அந்தப் பாட்டு 1977 முதல் 2004 வரை ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ் நிகழ்ச்சியின் அடையாளப் பாட்டாக ஒலித்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக, ஆஸ்டினைப் பார்த்தே இராத அமெரிக்கர்கள் வாராவாரம் ஆஸ்டினுக்காக ஏங்கினார்கள். ஒரு தனிமனிதனின் நிஜ ஏக்கம் எப்படி எல்லாருக்குமான ரெடிமேட் ஏக்கமாகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு நோட்டைக் கொஞ்சம் புரட்டினால்

ஏக்கத்துக்குக் கணக்கு வழக்கு பிடிக்காது. ஆனால் ஒரு இசைக்காலம் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

1970ல் ஆஸ்டினின் ஜனத்தொகை சுமார் இரண்டரை லட்சம். அதில் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் ஏறக்குறைய 40,000 பேர். வாடகை குறைவு. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக்காரனாக ஓட்டிவிடலாம். 1973 ஆகஸ்டில் டெக்சஸ் அரசாங்கம் மது வாங்கும் வயதை 21லிருந்து 18 ஆகக் குறைத்தது. ஒரே நாளில் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் பார்களின் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். அப்போதைய நேரடி இசையின் பொருளாதாரம் ரொம்ப எளிமையானது: டிக்கெட் மலிவு அல்லது இலவசம், பீர் விற்ற காசில் கடை நடக்கும். லோன் ஸ்டார் பீர் கம்பெனி இந்தக் கூட்டத்தைக் குறிவைத்தே விளம்பரம் செய்தது. ஆர்மடில்லோவின் ஓவியர் ஜிம் ஃப்ராங்க்ளின் வரைந்த, நம் எறும்புதின்னியைப் போல முதுகில் ஓடு போர்த்த ஆர்மடில்லோ விலங்குதான் அந்த விளம்பரத்திலும். எதிர்க்கலாச்சாரமும் பீர் கம்பெனியும் ஒரே போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்தன.

மது வயது 1981ல் 19 ஆகவும், 1986ல் மறுபடி 21 ஆகவும் ஏறியது. இந்தத் தேதிகளைப் பொற்காலத்தின் தொடக்கம், முடிவுத் தேதிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டின் தரத்தைச் சட்டம் தீர்மானித்தது என்று சொல்ல வரவில்லை. பாட்டுக்கு முன்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைச் சட்டமும் தீர்மானித்தது.

ஆர்மடில்லோவும் லாபத்தில் கொழிக்கவில்லை. எடி வில்சனும் நண்பர்களும் 1970 ஆகஸ்டில் தொடங்கிய நாளிலிருந்து கடன்தான். குறைந்த கூலிக்கும் சாப்பாட்டுக்கும் உழைத்த ஒரு பட்டாளம்தான் அதைத் தூக்கி நிறுத்தியது. 1970களின் பிற்பாதியில் திவால் மனு வரைக்கும் போனது. அதையும் தாண்டி உயிர் பிழைத்தது. கடைசியில் நிலத்தின் சொந்தக்காரர் நிலத்தை விற்க முடிவு செய்ததும் கதை முடிந்தது. கட்டடம் இடிக்கப்பட்டு அங்கே ஆபீஸ் கட்டடம் எழுந்தது.

கணக்கில் விடுபட்ட ஆட்களும் உண்டு. வில்லி வருவதற்கு முன்பே ஆஸ்டினில் ஹிப்பிகளுக்குக் கன்ட்ரி வாசித்துக்கொண்டிருந்த குழு 'ஃப்ரீடா அண்ட் தி ஃபயர்டாக்ஸ்'. பாடியவர், பியானோ வாசித்தவர் மார்சியா பால். நுழைவுக் கட்டணம் இல்லாத 'ஸ்ப்ளிட் ரெயில்' என்ற பீர்க்கடைதான் அவர்கள் களம். அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் அவர்களை 1972ல் ரெக்கார்டு செய்தார். ஒப்பந்தம் கைகூடவில்லை. அந்த ஆல்பம் வெளிவந்தது 2002ல். முப்பது வருஷம்! பொற்காலக் கதை 'தொப்பிக்காரனும் ஹிப்பியும் கைகுலுக்கினார்கள்' என்று ஆண்களின் சமாதானக் கதையாக எழுதப்பட்டதற்கு, இப்படி ஒரு ரெக்கார்டு கடையில் இல்லாமல் போனதும் ஒரு காரணம்.

அந்தச் சமாதானத்துக்கு ஒரு எல்லைக்கோடும் இருந்தது. 1928ன் நகரத் திட்டம் கறுப்பினத்தவர்களைக் கிழக்கு ஆஸ்டினுக்குத் தள்ளியது. 1945ல் அங்கே தொடங்கப்பட்ட 'விக்டரி க்ரில்'லில் பி.பி. கிங் போன்றவர்கள் வாசித்திருக்கிறார்கள். ஆர்மடில்லோ இந்த எல்லையை முற்றிலும் மதித்தது என்று சொல்ல முடியாது. ப்ளூஸ் கிட்டார் மேதை ஃப்ரெடி கிங் அங்கே செல்லப்பிள்ளை, அவர் இழுத்த கூட்டம்தான் ஆரம்ப வருஷங்களில் அரங்கத்தைக் காப்பாற்றியது. ஆனாலும் 'ஊரே ஒன்றுசேர்ந்தது' என்று கதை சொல்லும்போது, எந்தப் பாதி ஊர் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

புதன்கிழமைக்கு யார் வந்தார்கள்?

தப்பான ராத்திரிகளை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கென்னத் த்ரெட்கில் என்று ஒருவர். 1933ல், மதுவிலக்கு முடிந்த கையோடு, ஆஸ்டினுக்கு வடக்கே தன் பெட்ரோல் பங்க்கிலேயே பீர் விற்க லைசென்ஸ் வாங்கினார். ஜிம்மி ராட்ஜர்ஸின் பரம ரசிகர். அவரைப் போலவே குரலைச் சட்டென்று மேலே உடைத்துப் பாடும் 'யோடல்' பாட்டில் கெட்டிக்காரர். 1960களின் தொடக்கத்தில் புதன்கிழமை ராத்திரிகளில் பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே கிட்டாரோடு வருவார்கள். சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். கூலி, பீர். 1962ல் அப்படி வந்து பாடிய ஒரு மாணவி பேர் ஜானிஸ் ஜாப்ளின். எட்டு வருஷம் கழித்து உலகப் புகழோடு இருந்த ஜாப்ளின், த்ரெட்கில்லின் பிறந்தநாள் விழாவுக்காக 1970 ஜூலையில் ஆஸ்டினுக்குப் பறந்து வந்தார். அதற்குப் பிறகு அவர் சில மாதங்களே உயிரோடு இருந்தார்.

1972 ஆகஸ்ட் 12 எங்கிருந்து வந்தது என்றால், இந்தப் புதன்கிழமைகளிலிருந்துதான் வந்தது. ஹிப்பியும் கிராமத்துக்காரரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பாடுவது அங்கே பத்து வருஷமாக நடந்துகொண்டிருந்தது. யாரும் தேதி குறித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஸ்ப்ளிட் ரெயிலின் ஞாயிற்றுக்கிழமைகள், 'சோப் க்ரீக் சலூன்' (சலூன் என்றால் அங்கே முடிவெட்டும் கடை இல்லை, பார்) என்ற இடத்தில் டக் சாம் நடத்திய நீண்ட ராத்திரிகள், எல்லாமே இந்த ரகம். ஒரு இசைச்சூழலை அதன் பெரிய ராத்திரியை வைத்து எடைபோடக் கூடாது. வாரநாளில், சம்பளத்துக்கு முந்தின வாரத்தில், மழை பெய்யும்போது யார் வந்தார்கள், யார் வாசித்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

இது வெறும் சமூகவியல் சமாச்சாரம் இல்லை, இசையிலேயே கேட்கிறது. டெக்சஸ் கன்ட்ரி அடிப்படையில் ஜோடியாக ஆடுவதற்கான இசை. ஜெர்மன், செக் குடியேறிகள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய நடனக் கொட்டகைகள் இன்னும் அந்த மாநிலத்தில் நிற்கின்றன. 1878ல் கட்டிய க்ரூன் ஹால் இன்றும் நடக்கிறது. இந்த இடங்களில் ஒரு குழு மூன்று நான்கு மணிநேரம் வாசிக்க வேண்டும். தாளம் ஒரு இழை பிசகினாலும் தரையில் கால்கள் தடுமாறும். கைதட்டலுக்கு முன்பே கால்கள் தீர்ப்பு சொல்லிவிடும். வாராவாரம் இந்தப் பரீட்சையை எழுதிய குழு வாசிக்கும்போது ஒரு நிதானம் வரும். அவசரப்படாத, ஆனால் தூங்கிவிடாத நிதானம். ஸ்டுடியோவில் அதைத் தயாரிக்க முடியாது.

ஜெர்ரி ஜெஃப் வாக்கரின் 'விவா டெர்லிங்குவா' ஆல்பத்தைக் கேட்டால் நான் சொல்வது புரியும். 1973 ஆகஸ்டில் லக்கன்பாக் கொட்டகையில் பதிவானது. ரெக்கார்டிங் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒலி சிதறாமல் இருக்க வைக்கோல் கட்டுகளை அடுக்கி வேலையை முடித்தார்கள். பாட்டு தொடங்கும் இடத்தில் ஒருவர் கொஞ்சம் முந்துகிறார், இன்னொருவர் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்கிறார். மேலே சொன்ன லண்டன் பாட்டு முதலில் வந்ததும் இந்த ஆல்பத்தில்தான். பாடுவது ஜெர்ரி ஜெஃப் இல்லை, கேரி பி. நன்னேதான். தன் பேரில் வரும் ஆல்பத்தில் கூட வாசிப்பவனுக்கு மைக்கை விட்டுக்கொடுப்பது நாஷ்வில்லில் நினைத்துப்பார்க்க முடியாத காரியம். கூட்டம் ஒவ்வொரு வரிக்கும் கத்துகிறது. அந்தக் கத்தலை மட்டும் கேட்டால் கொண்டாட்டம் என்று தோன்றும். குழுவைக் கேட்டால், இவர்கள் நிறைய சாதாரண ராத்திரிகளைச் சேர்ந்து கடந்தவர்கள் என்று தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெர்ரி ஜெஃப் வாக்கர் டெக்சஸ்காரரே இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ரொனால்ட் க்ராஸ்பி என்ற பேரில் பிறந்தவர். பாதி ஆஸ்டின் அப்படி வந்து சேர்ந்தவர்களால் ஆனது. 'வெளியாட்கள் வந்து ஊரைக் கெடுத்துவிட்டார்கள்' என்று இன்றைக்குப் புலம்பும் ஏக்கம், தன் நாயகர்களின் பிறந்த ஊர்ப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஞாபகம் நன்றாக விற்கிறது

ஆர்மடில்லோ இடிக்கப்பட்ட அடுத்த வருஷம், 1982ல், ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ் தன் ஸ்டுடியோவுக்குள் ஆஸ்டின் நகரத்தின் இரவுத் தோற்றத்தைப் பின்னணியாகச் செய்து வைத்தது. வீட்டிலிருந்து பார்த்தவர்கள் பலர் கச்சேரி திறந்தவெளியில் நடப்பதாக நம்பினார்கள். நிஜ அரங்கம் போய், நகரத்தின் பொம்மை மேடைக்கு வந்த வருஷம் அது. 1991ல் நகர மன்றம் 'உலகின் நேரடி இசைத் தலைநகரம்' என்ற பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டது. ஆர்மடில்லோ எடி வில்சனே 1981 கடைசியில் த்ரெட்கில்லின் பழைய பெட்ரோல் பங்க்கை உணவகமாக்கினார். 1996ல் ஆர்மடில்லோ இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிளை. சுவரெல்லாம் பழைய போஸ்டர்கள். நல்ல சாப்பாடு, நல்ல மனசு. ஆனால் அந்தக் கிளை 2018ல் மூடியது, மூலக்கடை 2020ல் மூடியது. ஏக்கத்தை விற்ற கடையாலும் நில விலை ஏறிக்கொண்டே போன ஊரில் நிலைக்க முடியவில்லை.

இங்கேதான் விஷயம் ரசனையைத் தாண்டிப் போகிறது. 2020 கணக்கெடுப்பில் ஆஸ்டின் ஜனத்தொகை 9.6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீடு வாங்க வருபவர்களை ஈர்த்த காரணங்களில் இந்த இசை ஞாபகமும் ஒன்று. ஞாபகம் நிலத்தின் விலையை ஏற்றியது, ஏறிய விலை வாசிப்பவர்களை ஊருக்கு வெளியே தள்ளியது. 2005ல் இசைக்கலைஞர்களுக்கு மருத்துவ வசதி தேடித்தர 'ஹெல்த் அலையன்ஸ் ஃபார் ஆஸ்டின் மியூசிஷியன்ஸ்' என்றே ஒரு அமைப்பு தொடங்க வேண்டியிருந்தது. 2019ல் நகரம் ஹோட்டல் வரியில் ஒரு பங்கை நேரடி இசைக்கென்று ஒதுக்கியது. ஊர் ரொம்பத் தாமதமாகத் தன் கணக்கு நோட்டைத் திறந்திருக்கிறது.

இதற்கு நேரெதிராக நிற்கும் ஒரு இடம் 'ப்ரோக்கன் ஸ்போக்'. 1964ல் ஜேம்ஸ் வைட் தொடங்கிய நடனக் கொட்டகை. தாழ்ந்த கூரை, நீள் தரை. 1960களில் பாப் வில்ஸ் அங்கே வாசித்தார். 70களில், யாருக்கும் தெரியாத பையனாக ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் தன் குழுவோடு வாசித்தார். இன்று சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பி, நடுவில் அந்தச் சிவப்புக் கொட்டகை. ஜேம்ஸ் வைட் 2021ல் காலமான பிறகும் கதவு திறந்திருக்கிறது. ஆர்மடில்லோ அளவுக்குக் கதைகள் இதற்கு இல்லை. ராக் வரலாற்றை மாற்றிய ராத்திரி என்று எதுவும் அங்கே நடக்கவில்லை. ஆனால் இப்போதும் புதிதாக வருபவர்களுக்கு டூ-ஸ்டெப் ஆடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கச்சேரியைத் தொடங்குகிறார்கள்.

என் தீர்ப்பு

ஏங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஏக்கம் இல்லாவிட்டால் அஸ்லீப் அட் தி வீல் இல்லை, ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர் இல்லை. ஆனால் இரண்டு வகை ஏக்கத்துக்கு வித்தியாசம் இருக்கிறது. ரே பென்சன் பாப் வில்ஸுக்காக ஏங்கினார், அந்தச் சங்கதிகளைக் கற்றுக்கொண்டார், அந்தப் பழைய வித்வான்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்தார். ஆர்மடில்லோவின் கடைசி ராத்திரியில் கமாண்டர் கோடியோடு சேர்ந்து வாசித்ததும் அவருடைய குழுதான். மறுநாளும் வேலைக்குப் போனார்கள், இன்று வரை போய்க்கொண்டிருக்கிறார்கள். இது வேலை செய்கிற ஏக்கம். இன்னொன்று, 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிற ஏக்கம். அது இன்றைக்கு ஒரு வாரநாளில், முப்பது பேருக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருக்கும் 22 வயதுப் பெண்ணை, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு உச்ச ராத்திரியோடு ஒப்பிட்டுத் தோற்கடிக்கிறது. அந்தப் பெண்ணை ஒப்பிட வேண்டியது 1962ன் ஒரு பெட்ரோல் பங்க்கில் பாடிய மாணவியோடு.

கேட்க விரும்புகிறவர்களுக்கு மூன்று சிபாரிசுகள். முதலில் 'விவா டெர்லிங்குவா'. அடுத்து, வில்லி 1974ல் டெக்சஸ் ஆப்ரி ஹவுஸில் பாடியதன் பதிவு. 2006 வரைக்கும் அது முழுமையாக வெளிவரவில்லை. தான் எழுதி மற்றவர்கள் பெரிதாக்கிய பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, வேறு யாரோ எழுதியது போல அலட்சியமாக அவர் கடந்துபோவதைக் கவனியுங்கள். மூன்றாவது, ஃப்ரீடா அண்ட் தி ஃபயர்டாக்ஸ். அதைக் கடைசியாகக் கேளுங்கள். முதல் இரண்டையும் கேட்கும்போது 'இதுதான் ஆஸ்டின்' என்று மனதுக்குள் ஒரு படம் உருவாகியிருக்கும். மார்சியா பால் பியானோவில் கைவைத்ததும் அந்தப் படத்தில் எவ்வளவு இடம் காலியாக இருந்தது என்று தெரியும்.